முப்பத்தொன்றாம் கல்லுக்கும் முப்பத்திரண்டாம் கல்லுக்கும் நடுவே

தாராபுரத்துக்கு மேற்கே, காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழன்றுகொண்டிருக்கும் மேட்டாங்காட்டுச் சாலையில், முப்பத்தொன்றாம் கிலோமீட்டர் கல்லுக்கும் முப்பத்திரண்டாம் கல்லுக்கும் நடுவே இன்று மூன்று பேருந்து நிறுத்தங்களும், கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகளும், சோளம் விளையும் நிலமும், பதினேழு குடும்பங்களும் இருக்கின்றன. அந்த நிலம் முழுவதும் ஒரு மனிதனுடைய பொறாமையால் உண்டானது என்பதை அங்கே குடியிருப்பவர்கள் எவரும் மறைப்பதில்லை. எங்கள் பூமி ஆற்று வண்டலால் உண்டானது என்று வேறு ஊரார் சொல்லிக்கொள்வதைப் போலவே, கூச்சமும் இன்றிப் பெருமையும் இன்றி அவர்கள் அதைச் சொல்லுகிறார்கள்.

அந்த மனிதனின் பெயர் சென்னியப்பன். வீட்டுக்கு மூத்த மகன், ஆகையால் பாட்டனாரின் பெயரைப் பெற்றவன், நாற்பது வயது, நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு. ஒரு புதன்கிழமை காலை ஏழே கால் மணிக்கு அவன் தன் மனைவி மைனாவதியையும், ஏழு வயது மகள் லிதன்யாவையும், நான்கு வயது மகன் சஷ்வினையும் காரில் ஏற்றிக்கொண்டு, பிள்ளைகளுக்கு வழியில் தின்ன முறுக்கும் வாந்தி வந்தால் மோந்து பார்க்க எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு, டிக்கியில் புதிய பவானி ஜமக்காளம் ஒன்றை மடிப்புக் கலையாமல் வைத்துப் பூட்டி, தங்கை ருக்குமணியின் ஊருக்குப் புறப்பட்டான். ருக்குமணியின் இரண்டாவது குழந்தை ஆதினிக்கு வெள்ளிக்கிழமை காதுகுத்து.

அவர்கள் வழக்கப்படி, காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில்தான் இருக்க வேண்டும். மாமன்மார் இருவராகி, இளையவன் மடி கொடுப்பதானால், மூத்தவன் தன் கையால் ஜமக்காளம் விரித்து, உட்காரப்பா என்று வாய் திறந்து சொன்ன பிறகே இளையவன் உட்காரலாம். மூத்தவன் வராத இடத்தில் இளையவன் மடி கொடுத்தால் குழந்தையின் காதுப் புண் ஆறாது என்று தலைமுறை தலைமுறையாக நம்பி வந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் ருக்குமணியின் முதல் பிள்ளைக்குச் சென்னியப்பன்தான் மடி கொடுத்தான். இம்முறை அவள் தொலைபேசியில் மிகவும் பணிவாகச் சொன்னாள்.

"பெரியண்ணா, போன தரம் உங்க மடி. இந்தத் தரம் சின்னண்ணன் மடி. எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதானுங்க."

அதற்கென்ன அம்மிணி, நல்லதுதானே என்று சென்னியப்பன் சொன்னான். சொன்ன வாய்க்குள் அந்தச் சொல் மீன்முள்ளைப் போலக் குறுக்கே நின்றுகொண்டது. தம்பி சம்பத்குமார் பல்லடம் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்து மேலே வந்தவன். மாடியின் மேல் மாடி கட்டி, மேல் மாடியில் தேக்கு ஊஞ்சல் தொங்கவிட்டவன். அந்த மாடிகளைச் சென்னியப்பன் பொறுத்துக்கொண்டான். ஊஞ்சலையும், ஒரு முறை ஆடிப் பார்த்துவிட்டு, பொறுத்துக்கொண்டான். தன் தோப்பில் வெள்ளை ஈ விழுந்து ஓலைகள் கறுத்த ஆண்டில் தம்பி மூன்றாவது கொட்டகை போட்டதைக்கூட ஒருவாறு விழுங்கிவிட்டான். ஆனால் மடி என்பது மூத்தவனுடையது. பாட்டனார் பெயருடன் அவனுக்கு வந்து சேர்ந்தது. அதைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, அவன் உட்காரத் தான் குனிந்து துணி விரிக்க வேண்டும் என்பதை நினைத்தபோது, இரண்டு மாத காலம் அவனுக்குச் சோறு உள்ளே இறங்கவில்லை. இதை அவன் எவரிடமும் சொல்லவில்லை. ஜமக்காளத்தை மட்டும், கடையில் இருந்ததிலேயே பெரியதாக வாங்கினான்.

முப்பத்தொன்றாம் கல்லைக் கார் கடந்தது. அடுத்த கல் வரவில்லை. கால் மணி நேரம் ஓடிய பிறகும், அரை மணி நேரம் ஓடிய பிறகும், இரு பக்கமும் செம்மண்ணாகவே வந்துகொண்டிருந்தது. மரமில்லாத, கல்லில்லாத, இன்னும் எவர் காலும் படாத, பிறந்த குழந்தையின் உச்சந்தலையைப் போல ஈரமும் மென்மையுமான செம்மண். தூரத்தில் தெரிந்த காற்றாலைகள் நெருங்குவதற்குப் பதிலாக ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. இதை முதலில் கவனித்தவள் லிதன்யா.

"அப்பா, சித்தப்பான்னு சொன்னா காத்தாடி தள்ளிப் போகுதுப்பா."

அதன்பின் பிள்ளைகள் இருவரும் பின்னிருக்கையில் அதை விளையாட்டாக்கிக்கொண்டார்கள். சித்தப்பா என்றால் ஒரு காற்றாலை நகர்ந்தது. சித்தப்பா வீட்டு ஊஞ்சல் என்றால் இரண்டு நகர்ந்தன. சித்தப்பா மடியில் ஆதினிப் பாப்பா என்றபோது ஐந்து காற்றாலைகள் ஒன்றாகத் தொடுவானத்துக்கு அப்பால் போய்விட, சஷ்வின் கை தட்டிச் சிரித்தான். மைனாவதி பிள்ளைகளைப் பொட்டாட்ட இருக்கச் சொல்லி அதட்டிவிட்டு, கணவனின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"ஏனுங்க, மனசுல என்னத்த வெச்சுட்டு வண்டி ஓட்டறீங்க?"

"ஒண்ணுமில்ல மைனா. ரோடு சரியில்ல" என்றான் சென்னியப்பன். கண்ணுக்கு எட்டிய கடைசிக் காற்றாலையும் அத்துடன் மறைந்தது.

வண்டியைத் திருப்பினால், வந்த வழி மட்டும் இருந்தபடியே இருந்தது. முப்பத்தொன்றாம் கல்லை ஒட்டியிருந்த ஆவாரங்காட்டு வலசு என்னும் சிற்றூருக்குப் பொழுது சாயுமுன் திரும்பி, சாலையோரம் தேநீர்க் கடை வைத்திருந்த வேலாத்தாளின் வீட்டுப் பின்னறையில் தங்கினார்கள். மறுநாள் வேறு சாலையில் சுற்றிப் போனார்கள். இரண்டு வளைவு தாண்டியதும் அதே முப்பத்தொன்றாம் கல் எதிரே நின்றது. அதற்கும் மறுநாள், வெள்ளிக்கிழமை விடியலிலேயே, சென்னியப்பன் ஜமக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறிப் பார்த்தான். மற்றப் பேருந்துகளுக்கு அந்தச் சாலை நீண்டிருந்தாலும் ஒரு முடிவுக்கு வந்தது. அவன் ஏறிய பேருந்துக்கு மட்டும் முடிவு வரவில்லை. மதியம் வரை ஓடிய பிறகு, பயணிகள் தங்களுக்குள் கலந்து பேசி, அவனுடைய சங்கடம் தங்களுக்குப் புரிகிறதென்றும் ஆனால் தங்களுக்கும் வேலை இருக்கிறதென்றும் மரியாதையாகச் சொல்லி, அவனை இறக்கிவிட்டார்கள். முகூர்த்தம் தவறியது. மூத்தவன் வராமல் காது குத்தலாகாது என்று கோயில் பூசாரி சொல்லிவிட, அடுத்த புதன்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

ஆவாரங்காட்டு வலசுக்காரர்கள் புதிய நிலத்தை ஏற்றுக்கொண்ட விதம் மிகவும் அமைதியானது. முதல் நாள் ஆடுகள் போயின. ஆடுகளைத் தேடி ஆட்கள் போனார்கள். போனவர்கள் மண்ணை ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து, ஒரு வார்த்தையும் பேசாமல், மண்வெட்டியைத் தீட்டினார்கள். இரண்டாம் நாள் கிளுவைப் போத்துகள் நடப்பட்டன. மூன்றாம் நாள் சோளம் விதைத்தார்கள். ஐந்து தலைமுறையாக ஒரு வரப்புக்காகப் பேச்சு வார்த்தை இல்லாதிருந்த இரு குடும்பங்கள், வரப்பே இல்லாத பூமியில் அடுத்தடுத்துக் குடிசை போட்டு, ஒருவர் வீட்டு மோரை ஒருவர் குடித்தார்கள். நில அளவையர் ஒருவர் சங்கிலியுடன் வந்தார். சங்கிலி தீர்ந்தது, நிலம் தீரவில்லை. அவர் வேலாத்தாள் கடையில் இரண்டு தேநீர் குடித்து, வரைபடத்தை நான்கு முறை திருப்பித் திருப்பிப் பார்த்து, மனிதர் மனத்தால் விளைந்த நிலத்துக்கு விதி எதுவும் எழுதப்படவில்லையென்றும், பயிரிடுகிறவர்கள் பயிரிடலாமென்றும், சுருங்கினால் தம்மைக் கேட்கக் கூடாதென்றும் சொல்லிவிட்டுப் போனார்.

சுருங்கவும் செய்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னியப்பன் மகனுக்குப் பட்டம் கட்டிக் கொடுத்து, நூல் பிடித்து ஓடி, தம்பியையும் மடியையும் அடியோடு மறந்து, முக்கால் மணி நேரம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அந்த முக்கால் மணி நேரத்தில் நிலம் ஒரு பர்லாங்கு உள்வாங்கியது. நஞ்சப்பன் என்பவரின் ஆட்டுப்பட்டி பதினெட்டு ஆடுகளோடும் முப்பத்திரண்டாம் கல்லின் மேல் போய் மோதி நின்றது. ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சித்தப்பா என்றால் காற்றாலை நகரும் என்பதைப் பிள்ளைகளின் வாயிலிருந்து ஊர் ஏற்கெனவே அறிந்திருந்தது. ஆனால் அன்று மாலையே, எவரும் கூட்டம் போடாமல், எவரும் எவருக்கும் சொல்லாமல், ஊருக்கு ஒரு நடைமுறை உண்டாகிவிட்டது. சென்னியப்பன் குடும்பத்துக்கு விடியலில் கறந்த பால் வந்தது; கம்பஞ்சோறு வந்தது; பிள்ளைகளுக்கு நுங்கு வந்தது; கொண்டு வந்தவர் ஒவ்வொருவரும் திரும்பும்போது, வாசற்படியில் நின்று, அக்கறையோடு ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

"ஏனுங்க தம்பி, உங்க தம்பியூடு எத்தன மாடிங்க?" என்று வேலாத்தாள் கேட்டாள்.

"ரெண்டுங்க."

"இந்த ஆடிக்கு மேல ஒண்ணு போடறாங்களாமே. அப்படியா?"

அவளுக்குச் சம்பத்குமார் யாரென்றே தெரியாது. சென்னியப்பன் தேநீரை வைத்துவிட்டான். அன்று நிலம் அரை மைல் கூடியது.

பக்கத்து ஊரான புளியமரத்துப் புதூர்க்காரர்களால் இதைத் தாங்க முடியவில்லை. தங்கள் ஊரிலும் அண்ணன் தம்பிகள் இருக்கிறார்கள், அவர்களும் ஒருவரை ஒருவர் கண்டால் முகம் திருப்புகிறவர்கள்தாம் என்று சொல்லி, தேர்ந்தெடுத்த நான்கு அண்ணன்மாரை வண்டியில் ஏற்றி, தம்பிமார் வீட்டை நோக்கித் தங்கள் சாலையில் மேலும் கீழும் ஓட்டினார்கள். ஒரு சாண் நிலம் கிடைக்கவில்லை. அவர்களுடையது வெறும் பகை என்றும், பகை நிலத்தைக் குறைக்கவே செய்யும் என்றும், பொறாமைக்கு அடியில் பாசம் என்று ஓர் ஈரம் வேண்டும் என்றும் வலசுக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஆனாலும் இரவலுக்கு அண்ணன் கேட்டு வந்தவர்களுக்குச் சென்னியப்பனைக் காட்டவில்லை.

இத்தனை நாளும் மைனாவதி சும்மா இருக்கவில்லை. எதிரே வண்டி அதிகம் வராத, வளைவு இல்லாத, முடிவும் இல்லாத சாலை ஒன்று கண்முன் கிடக்கவே, பன்னிரண்டு ஆண்டுகளாகக் கேட்டும் கணவன் கற்றுக் கொடுக்காத கார் ஓட்டத்தைத் தானே கற்றுக்கொண்டாள். பிள்ளைகளைப் பின்னால் உட்கார வைத்து, முதலில் ஊர்ந்து, பிறகு ஓடி, எட்டாம் நாள் நான்காம் கியரில் போகும்போது, தன் தலைமயிர் காற்றில் பறப்பதைக் கண்ணாடியில் பார்த்து, அது வேறு எவளோ ஒருத்தி என்று நினைத்தாள். புதன்கிழமை முகூர்த்தமும் தவறிய அன்று மாலை, ஊருக்கு வெளியே வண்டியை நிறுத்தி, ருக்குமணியுடன் தொலைபேசியில் ஒளிவுமறைவில்லாமல் பேசினாள்.

ருக்குமணி அழுதுகொண்டே சொன்ன செய்தி அவளை நிமிர்ந்து உட்கார வைத்தது. சம்பத்குமாரும் அண்ணனை அழைத்துப்போக இரண்டு முறை புறப்பட்டானாம். முப்பத்திரண்டாம் கல் தாண்டியதும் அவனுக்கும் அந்தப் பக்கத்திலிருந்து நிலம் நீண்டுகொண்டே போனதாம். நீளமாய்ப் போன சாலையில் பாதி அவன் போட்டதுதானாம். காரணம் கேட்டதற்கு அவன் சொன்னதை ருக்குமணி அப்படியே சொன்னாள்.

"எத்தன மாடி கட்டி என்ன, அப்பாவுக்குக் கொள்ளி வெச்சது அண்ணன். பாட்டன் பேரு அண்ணனுக்கு. எம்மடிக்குன்னு ஒரே ஒரு நாள் வந்துது. அதுக்கும் அண்ணன் கை வந்து துணி விரிக்கோணும்னு கோயிலே காத்துட்டு நிக்குது. அப்படீங்குது அண்ணி, சின்னண்ணன்."

இதற்கு மேல் நாள் தள்ள முடியாதென்றும், குழந்தைக்கு ஓராண்டு நிறைவதற்குள் வரும் கடைசி நல்ல நாள் ஞாயிற்றுக்கிழமைதான் என்றும், அதுவும் தவறினால் மாமன்மார் இருவரையுமே ஒதுக்கிவிட்டு மாமன் முறையில் வேறு ஒருவனை மடி கொடுக்கச் சொல்லத் தன் மாமனார் முடிவு செய்துவிட்டார் என்றும் ருக்குமணி சொன்னாள். அப்படி நடந்தால் பிறந்த வீட்டுக்கும் தனக்கும் இருந்த வழி அதோடு முடிந்தது என்றும் சொன்னாள். தூங்குகிறவனுக்குப் பொறாமை கிடையாது என்று மைனாவதிக்குத் தோன்றியது அப்போதுதான். அந்தப் பக்கத்தில் சின்னவரையும் தூங்க வைத்து, குழந்தையோடும் ஆசாரியோடும் பாதி வழிக்கு வந்துவிடும்படி ருக்குமணியிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் மூன்றே கால் முதல் நாலே கால் வரை. அன்று பகல் வேலாத்தாள் நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். மைனாவதி கணவனுக்கு மூன்று தடவை சோறு போட்டு, சித்த கண்ணசந்துட்டு எழுங்க, அப்புறம் போய்ப் பார்க்கலாம் என்று காரின் பின்னிருக்கையிலேயே சாய வைத்து, அவன் குறட்டை விட்டதும் சாவியைத் திருப்பினாள். பிள்ளைகள் இருவரும் முன்னிருக்கையில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். காற்றாலைகள் ஒவ்வொன்றாகத் தலை நீட்டின. அந்தப் பக்கத்தில் ருக்குமணியின் கணவன் வண்டி ஓட்ட, பதினோரு இரவு தூங்காத சம்பத்குமார், மடியில் கிடந்த குழந்தையின் சூட்டில் தானும் தூங்கிப்போயிருந்தான். ருக்குமணியும், ஊசிப் பெட்டியுடன் ஆசாரியும் பக்கத்தில் இருந்தார்கள். கார்கள் இரண்டின் பின்னாலும் தூரத்தில் புழுதி எழுந்தது. தங்கள் நிலத்துக்கு என்ன ஆகுமோ என்று வலசுக்காரர்கள் மொபெட்டிலும் டிராக்டரிலும் தொடர்ந்து வந்தார்கள்.

மூன்றே முக்காலுக்கு, சாண் உயரம் முளைத்திருந்த சோளக் காட்டின் நடுவே, இரண்டு கார்களும் முகத்தோடு முகம் வைத்து நின்றன.

எழுப்பாமல் முடியாது, எழுப்பினார்கள். சென்னியப்பன் கண் விழித்ததும் கண்டது தம்பியை. தம்பி கண்டது அண்ணனை. அந்தக் கணமே கார்களுக்கு நடுவே சாலை ஒரு முழம் விலகியது, பிறகு ஓர் ஆள் நீளம், பிறகு ஒரு வயலகலம். மைனாவதி ஜமக்காளத்தை எடுத்துக் கணவன் கையில் திணித்து, அவன் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அந்தப் பக்கத்தில் ருக்குமணி குழந்தையோடு சேர்த்துச் சின்னண்ணனைத் தள்ளினாள். விலகும் தரையின் மேல் இருவரும் ஓடி வந்தார்கள், கைக்கு எட்டவில்லை, சென்னியப்பன் ஜமக்காளத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை வீசினான், குழந்தையை ஒரு கையில் அணைத்திருந்த சம்பத்குமார் மறுகையால் அதைப் பற்றினான். நடுவே நிலம் நீள முயன்றது. பவானியில் நெய்த நூல் விடவில்லை. இருவரும் இழுத்துப் பிடித்தபடி, மூச்சு வாங்கியபடி, ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

"ஆளுக்கொரு காது. உக்காருங்க ரெண்டு பேரும்" என்றாள் மைனாவதி.

"மூத்தவங்க சொல்லாம எப்படி உக்கார்றது?" என்று சம்பத்குமார் தரையைப் பார்த்துக் கேட்டான்.

"அதான் துணி கெடக்குதுல்ல. உக்காரப்பா" என்று சென்னியப்பன் தன் முனையைத் தரையில் விரித்தான்.

அவர்கள் துணியின் நடுவுக்கு வந்து, முட்டியோடு முட்டி இடிக்க எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நான்கு தொடைகள் சேர்ந்து ஒரே மடியானதில் குழந்தை கிடந்தது. ஆசாரி ஊசியை எடுத்தார். அந்த ஊசி குழந்தையின் காதை நெருங்கிய நேரத்தில், இரண்டு மாமன்மாருக்கும் உலகத்தில் அந்தச் சின்னக் காதைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் போயிற்று. சென்னியப்பன் தன்னை அறியாமல் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். கிளுவை வேலிகள் கிறீச்சிட்டன. கிழக்கே இரண்டு வரிசைச் சோளம் சத்தமில்லாமல் மறைந்தது. முதல் காது முடிந்து இரண்டாவது காதும் முடிவதற்குள், முப்பத்திரண்டாம் கல் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்துவிட்டது. நஞ்சப்பனின் மருமகள் புதுக் குடிசைக்குள் இருந்த தொட்டில் பிள்ளையை எடுக்க ஓடினாள்.

குழந்தை வீறிட்டு அழுதது. டிராக்டரிலிருந்து இறங்கி வந்த வேலாத்தாள், சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"அழுகறப்பப் பாப்பா ஒரு மாமனத்தான் பாத்துது. எந்த மாமன்னு நாஞ்சொல்ல மாட்டேன்."

சென்னியப்பன் தம்பியின் கையை விட்டான். சம்பத்குமார் குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினான். ஓடி வந்துகொண்டிருந்த கல் அங்கேயே நின்று, ஏதோ மறந்துவிட்டவரைப் போலத் திரும்பி, வந்த வழியே போயிற்று. நஞ்சப்பனின் மருமகள் பிள்ளையை மறுபடி தொட்டிலில் போட்டாள்.

காது குத்தியாயிற்று, கடலை மிட்டாய் பகிர்ந்தார்கள், புண் ஆறும் என்று ஆசாரி உறுதி சொன்னார், ருக்குமணி இரண்டு அண்ணன்மார் காலிலும் விழுந்து, பிறந்த வீடு தனக்கு மிஞ்சியதென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஐந்து மணி வெயிலில் அவரவர் வண்டியில் ஏறினார்கள். சென்னியப்பன் மனைவியிடம் சாவி கேட்கவில்லை. பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். பிள்ளைகள் பின்னால் தூங்கிவிட்டார்கள். வெகுதூரம் போன பிறகு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டான்.

"மைனா. நீ எதிர்லதான நின்ன. நெசத்தச் சொல்லு, பாப்பா யாரப் பாத்து அழுதா?"

குழந்தை யாரைப் பார்த்து அழுதது என்பது மைனாவதிக்குத் தெரியும். குழந்தை மாமன்மார் இருவரையுமே பார்க்கவில்லை. எல்லாக் குழந்தைகளையும் போல, கூட்டத்தில் தன் தாய் எங்கே என்று தேடி, ருக்குமணியைப் பார்த்துத்தான் அழுதது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். பக்கத்தில் இருப்பவன் நிம்மதியாகத் தூங்குவான். அடுத்த முறை தங்கை வீட்டுக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். அவள் சாலையின் இரு பக்கமும் பார்த்தாள். புதிய குடிசைகளிலிருந்து சமையல் புகை எழுந்துகொண்டிருந்தது. ஐந்து தலைமுறை பேசாதிருந்தவர்கள் ஒரே கட்டிலில் உட்கார்ந்து பயறு உடைத்துக்கொண்டிருந்தார்கள். எதிரே சாலை நேராக, வெறுமையாக, அவளுக்கென்றே போட்டதைப் போலக் கிடந்தது.

"சின்னவரப் பாத்து அழுத மாதிரிதானுங்க எனக்குத் தெரிஞ்சுது" என்றாள்.

தொடுவானத்தில் வீட்டுப் பக்கத்துக் காற்றாலைகள் மூன்று மெல்லப் பின்வாங்கின. மைனாவதி கண்ணாடியை இறக்கிவிட்டு, நான்காம் கியருக்கு மாற்றினாள்.